பேரும் கூலியும்: நோய்க்கால அடைப்பில் நாட்கூலியர் பற்றிய சொல்லாட்சி

1. முன்னுரை

கொள்ளைநோய் பரவும் காலத்தில் வேலைத்தலங்களை மூடுவது அரசின் கடமைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. மூடிய நாள்களுக்கான கூலிக்கு யார் பொறுப்பு என்னும் வினா அக்கடமையோடு உடன்பிறந்தது. மாதச் சம்பளம் பெறுவோரிடத்து இவ்வினா உடனே எழுவதில்லை. நாளுக்கோ மணிக்கோ பறித்த இலையின் நிறைக்கோ கூலி பெறுவோரிடத்து வேலை நின்ற பொழுதே கூலியும் நின்றுவிடுகிறது.

இவ்வினாவுக்கான விடையைச் சட்டத்திலும் பொருளியலிலும் தேடுவதே வழக்கம். மொழியிலும் அவ்விடையின் ஒரு பகுதி உள்ளது. வேலையை நிறுத்தியவர் யார் என்பதை வழங்கும் சொல் காட்டுகிறதா, மறைக்கிறதா என்பது ஒன்று. கூலியாளின் பெயர் எந்த ஏட்டில், என்ன பெயரில் பதிந்திருக்கிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் அடைப்புக் காலத்தில் கூலியாளின் நிலையை எவ்வாறு உறுதிசெய்தன என்பதை, பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லைப் பகுதிகளைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

பெருமாட்டி ஊராட்சி அடங்கிய சித்தூர் வட்டம் பழைய கொச்சி அரசைச் சேர்ந்தது. இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு வட்டங்கள் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. 1956 நவம்பர் 1இல் இவை கேரள மாநிலத்தின் பகுதிகளாயின. தமிழ் பேசுவோர் இரு பகுதிகளிலும் கணிசமாக வாழ்கின்றனர். கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, சிறுபான்மை மொழியினரான தமிழரும் கன்னடரும் அரசோடு தத்தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள இடமளித்தது. ஆகவே இங்கு ஓர் அரசாணை கூலியாளைச் சென்றடையும் முன் ஆங்கிலம், மலையாளம், தமிழ் என மூன்று மொழிகளைக் கடக்கிறது. ஒவ்வொரு கடப்பிலும் பொருள் சிறிது மாறுகிறது.

2. நிறுத்தியவர் யார்?

வேலை நிற்பதைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் பலவும் நிறுத்தியவரைத் தம்முள் கொண்டவை. வேலைநிறுத்தம் தொழிலாளர் செய்வது. கதவடைப்பு முதலாளி செய்வது. கடையடைப்பு வணிகர் செய்வது. இவற்றுள் எதையும் கேட்ட அளவிலேயே செய்வோன் யார் என்பது விளங்கிவிடும். தொழிற்சட்டமும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. தொழிலாளர் நிறுத்தினால் ‘வேலை இல்லையேல் கூலி இல்லை’ என்பது பொது விதி. முதலாளி முறையின்றிக் கதவடைத்தால் அந்நாள்களின் கூலி அவர் மேல் விழும். செய்வோன் மாறக் கடனாளியும் மாறுகிறான்.

2020இல் வந்த நிறுத்தத்திற்கு இத்தகைய தொழிற்சொல் தமிழில் இல்லை. செய்தித்தாள்களும் அரசு அறிவிப்புகளும் ‘ஊரடங்கு’ என்பதையே பெரிதும் ஆண்டன. மக்கள் பேச்சில் ஊரடங்கிய வேளை என்பது இரவில் அனைவரும் உறங்கும் நேரத்தைக் குறிக்கும். பின்னர் இச்சொல் கலவரக் காலத்தில் மக்கள் வெளியில் நடமாடுவதைத் தடைசெய்யும் ஆணைக்குப் பெயராயிற்று. அவ்வாணையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிய ‘கர்ஃபியூ’வும், தீயை மூடுதல் என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்ததே. இரண்டும் வீட்டையும் தெருவையும் நோக்கிப் பிறந்த சொற்கள். தொழிற்கூடத்தை நோக்கிப் பிறந்தவை அல்ல.

இலக்கண நோக்கில் இன்னொன்றும் கருதத்தக்கது. ‘அடங்கு’ தன்வினை; ‘அடக்கு’ பிறவினை. ‘ஊரடங்கு’ தன்வினைமேல் அமைந்த தொகை. ஊர் தானே அடங்குகிறது. அடக்கியவர் சொல்லில் இல்லை. மாற்றாக வழங்கிய ‘பொதுமுடக்கம்’ இரு பொருளுக்கும் இடந்தருவது. ‘அடங்கு’ என்பதிலிருந்து ‘அடக்கம்’ பிறப்பது போல ‘முடங்கு’ என்பதிலிருந்தும் ‘முடக்கம்’ பிறக்கலாம்; ‘முடக்கு’ என்னும் பிறவினையிலிருந்தும் பிறக்கலாம். மலையாளத்தில் ஆங்கிலச் சொல்லோடு வழங்கிய ‘அடச்சிடல்’ பிறவினை வடிவம். அடைத்தவர் ஒருவர் உண்டு என்பதை அது வடிவிலேயே உணர்த்துகிறது. எல்லைப்புறத் தமிழர் ஒரே ஆணையை மலையாள அறிவிப்பில் ‘அடைத்தல்’ ஆகவும் தமிழ்ச் செய்தியில் ‘அடங்குதல்’ ஆகவும் பெற்றனர். சொல் வடிவு மட்டும் கூலியை மறுத்தது என்று கூறுவது மிகையாகும். ஆயினும் கூலி யார் மேல் விழும் என்ற வினாவை எழுப்புவதற்கு இரண்டாம் சொல் துணைசெய்யவில்லை என்பது வெளிப்படை.

3. பேர் என்னும் நாள்

திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் ‘கூலி’ என்பது உழைப்புக்குக் கிடைக்கும் பயனைக் குறிக்கிறது. ஐரோப்பியர் ஆண்ட ‘கூலி’ என்னும் சொல் இதிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து. பிற மூலம் கூறுவோரும் உளர். எவ்வாறாயினும், குடியேற்றக் காலத்து ஆவணங்களில் கூலி என்பது ஆளைக் குறிக்கும் பெயராயிற்று. தமிழிலும் கூலியாள் ‘கூலி’ எனச் சுருங்கியது. ஊதியத்தின் பெயர் மனிதனுக்கு ஆனது.

தோட்டங்களில் இதற்கு நேர்மாறான வளர்ச்சி ஒன்று நிகழ்ந்தது. இலங்கை மலையகத் தமிழில் ‘பேர்’ என்பது ஒரு நாள் வேலையையும் அதற்குரிய கூலியையும் குறிக்கும். காலையில் பெரட்டுக்களத்தில் ஆள்களைக் கூட்டிக் கணக்கெடுப்பர். பெரட்டு என்பது ஆங்கிலப் ‘பரேடு’ என்பதன் திரிபாகக் கருதப்படுகிறது. அங்கு வந்து, குறித்த வேலையை முடித்தவர்க்குச் செக்ரோலில் பேர் விழும். குறித்த அளவு முடியாவிட்டால் அரைப்பேர். பேரில் சேராமல் நிறைக்கு மட்டும் பணம் தரும் வேலைக்குக் கைக்காசு என்று பெயர். ‘இந்த மாதம் இருபது பேர்’ என்று ஒரு பெண் சொன்னால் அவள் இருபது மனிதரைச் சொல்லவில்லை. தான் வேலை செய்த இருபது நாள்களைச் சொல்கிறாள். இங்கு மனிதனின் பெயர் ஊதியத்திற்கு ஆயிற்று.

இந்தப் பொருள்மாற்றம் தற்செயலானது அன்று. ஏட்டில் பெயருக்கு எதிரே இடும் குறியே கூலியாக மாறுவதால் பெயரும் கூலியும் ஒன்றாயின. கங்காணி முறையில் வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் இவ்வளவு என்று கங்காணிக்கும் ஒரு தொகை கிடைத்தது. எனவே நோயுற்ற ஆளை விடுவிப்பதும் பெரட்டில் நிறுத்துவதும் கங்காணியின் வருவாயையும் தொட்டன. இலங்கைக்குச் செல்லும் தொழிலாளரை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்பிற்காகத் தங்கவைத்தனர். அந்நாள்கள் தோட்டத்து ஏட்டில் பேர் ஏறுவதற்கு முந்தியவை. உடலைக் காக்க நிறுத்திய நாள், பேர் இல்லாத நாளாகவே தொடங்கியது எனலாம்.

இடுக்கியின் மூணாறுத் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்மாவட்டத் தமிழர் கங்காணியர் வழியாகவே சென்றனர். அங்கு ‘மஸ்டர்’ என்னும் ஆங்கிலச் சொல் நிலைத்தது. சொல் வேறாயினும் ஏட்டின் அமைப்பு ஒன்றே. நாள்தோறும் வந்து நிற்பவர்க்கே நாள் உண்டு.

4. சட்டத்தின் அடைப்புக்குறி

1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம் பம்பாயில் பிளேக் பரவியபோது இயற்றப்பட்டது. சில பிரிவுகளே கொண்ட அச்சட்டத்தில் கூலி பற்றிய விதி இல்லை. நோய்த்தடுப்புச் செலவை எம்முறையில், யார் ஏற்பது என்று அரசு தீர்மானிக்கலாம் என்னும் இடத்தில், அடைப்புக்குறிக்குள், இழப்பீடு ஏதேனும் இருப்பின் அதுவும் அச்செலவில் அடங்கும் என்ற குறிப்பு மட்டும் வருகிறது. ‘ஏதேனும் இருப்பின்’ என்ற அந்த நிபந்தனைச் சொல்லே நோய்க்கால இழப்பு பற்றிய சட்டச் சிந்தனையின் தொடக்கம்.

1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டம் ‘லே-ஆஃப்’ என்ற நிலையை வரையறுத்தது. நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் ஆகியவற்றின் குறைவு, இருப்புத் தேக்கம், இயந்திரப் பழுது, இயற்கைப் பேரிடர், இவற்றோடு தொடர்புடைய பிற காரணம் ஆகியவற்றால் முதலாளி வேலை தரத் தவறுவதோ மறுப்பதோ இயலாமற்போவதோ லே-ஆஃப் ஆகும். மஸ்டர் ஏட்டில் பெயர் உடையவரும் ஆட்குறைப்புக்கு ஆளாகாதவருமான தொழிலாளரையே அவ்வரையறை கருதுகிறது. ஓராண்டுத் தொடர்பணி முடித்த அத்தகையோர்க்கு அடிப்படைக் கூலியும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 50 விழுக்காடு இழப்பீடாக உரியது. தோட்டங்களும் இதனுள் அடங்கும். பதிலாள்களும் தற்காலிகக் கூலியரும் அடங்கார். 50 பேருக்குக் குறைந்த தலங்களும் பருவகாலத் தலங்களும் அடங்கா.

இழப்பீடு பெறுவதற்கு மேலும் ஒரு நிபந்தனை இருந்தது. தொழிலாளி நாளில் ஒருமுறையேனும் குறித்த நேரத்தில் வேலைத்தலத்திற்கு வந்து தம்மைக் காட்டிக்கொள்ள வேண்டும். பெரட்டின் நிழல் இச்சட்டத்திலும் படிந்துள்ளது. வேலை இல்லாத நாளிலும் களத்திற்கு வருவதே உரிமையின் சான்று. ஊரடங்கோ அந்த வருகையையே தடைசெய்வது. இருவகை ஆணைகளும் ஒன்றையொன்று அறியாமல் எழுதப்பட்டவை.

இச்சட்டத்தின் இடத்தில் தொழிலுறவுகள் தொகுப்புச் சட்டம், 2020, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. 2020இன் அடைப்புக் காலத்தில் ஆட்சிசெலுத்தியது பழைய சட்டமே.

மொழிபெயர்ப்பாளர் இங்கு ஓர் இடர்ப்பாட்டைச் சந்திக்கின்றனர். இன்றைய ஆங்கிலப் பொதுவழக்கில் லே-ஆஃப் என்பது வேலையிலிருந்து நீக்குவதைக் குறிக்கிறது. தமிழ்ச் செய்திகளும் அதனை ‘ஆட்குறைப்பு’, ‘பணிநீக்கம்’ எனப் பெயர்த்தன. இந்தியச் சட்டத்திலோ அது உறவு அறாத நிலை. ஏட்டில் பெயர் நிற்கிறது. வேலை மட்டும் இல்லை. ஆட்குறைப்பு என்பதற்குச் சட்டத்தில் வேறு சொல்லும் வேறு இழப்பீடும் உண்டு. ஒன்றை மற்றொன்றாகப் பெயர்த்தால் பெயர் ஏட்டில் இருக்கும்போதே தொழிலாளி தன்னை வெளியேற்றப்பட்டவனாக எண்ண நேரும். பாதிக் கூலி கேட்கும் எண்ணமே அவனுக்கு எழாது.

5. பெருமாட்டி: முதல் மூடல்

பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் இந்துஸ்தான் கொக்கக்கோலா நிறுவனத்தின் குளிர்பான ஆலை 2000இல் இயங்கத் தொடங்கியது. கிணற்று நீர் கெட்டதாகவும் குறைந்ததாகவும் கூறி 2002 ஏப்ரலில் மக்கள் போராட்டம் தொடங்கினர். தமிழோடு நெருங்கிய பேச்சையுடைய எரவாளர் பழங்குடியினர் அதில் முன்னின்றனர். ஊராட்சி 2003 ஏப்ரலில் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2003 டிசம்பர் 16இல் கேரள உயர்நீதிமன்றத் தனி நீதிபதி நிலத்தடி நீர் பொதுச்சொத்து என்னும் கோட்பாட்டை வலியுறுத்தித் தீர்ப்பளித்தார். 2004 மார்ச்சில் ஆலை உற்பத்தியை நிறுத்தியது.

இம்மூடலில் செய்வோன் மறைந்திருக்கவில்லை. உரிமத்தை மறுத்தது ஊராட்சி. மறுக்கும் அதிகாரம் அதற்கு உண்டா, நீர் யாருடையது என்பனவே நீதிமன்றத்தின் முன் நின்ற வினாக்கள். கூலி பற்றிய வினா வேறொரு வாயிலில் வந்தது. கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் மொத்த இழப்பை 216 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்டது. வேளாண்மை, நீர்வளம், உடல்நலம் ஆகியவற்றின் இழப்போடு ‘கூலியிழப்பும் வாய்ப்பிழப்பும்’ என்று தனி இனம் வகுத்து 20 கோடி ரூபாயை அதற்குக் கணக்கிட்டது.

இவ்வினம் சொல்லாட்சி வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது. நீருக்காக நெடுந்தொலைவு நடந்தும், காய்ந்த வயல்களில் வேலையின்றியும் போன நாள்கள் எந்த மஸ்டர் ஏட்டிலும் இல்லாதவை. அந்நாள்களுக்கு முதலாளி என ஒருவர் இல்லை. பேர் விழாத நாளையும் ‘இழந்த கூலி’ எனக் கணக்கில் கொள்ளலாம் என்பதை ஓர் அரசுக் குழு இவ்வாறு எழுத்தில் ஏற்றது. அதனடியாகக் கேரளச் சட்டமன்றம் 2011 பிப்ரவரியில் இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறாமல் அது 2015இல் திரும்பியது. கணக்கில் ஏறிய கூலி கைக்கு வரவில்லை.

6. 2020: எல்லை அடைந்த நாள்கள்

இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி 2020 ஜனவரி 30இல் கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்டார். மார்ச் 25 முதல் நாடு முழுவதும் அடைப்பு நடைமுறைக்கு வந்தது. சித்தூர் வட்டத்தின் கோபாலபுரம், மீனாட்சிபுரம் சாவடிகளும், இடுக்கியின் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழிகளும் நாள்தோறும் சென்றுவரும் கூலியர்க்கு அடைபட்டன. தேனி மாவட்டத்தின் போடி, கம்பம், உத்தமபாளையம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகளில் காலையில் ஏறி மாலையில் இறங்கும் பெண்களே இவர்களுள் பெரும்பாலோர்.

மார்ச் 29இல் இந்திய உள்துறை ஓர் ஆணை பிறப்பித்தது. மூடிய தலங்களின் முதலாளிகள் தம் தொழிலாளர்க்கு வேலைத்தலத்திலேயே, உரிய நாளில், பிடித்தம் இன்றிக் கூலி தரவேண்டும் என்பது அதன் சாரம். முன்னைய சட்டங்கள் சொல்லத் தயங்கியதை இவ்வாணை வெளிப்படையாகச் சொன்னது. ஆயினும் ‘தம் தொழிலாளர்’ யார் என்று அது வரையறுக்கவில்லை. தோட்டத்தின் நிலையான தொழிலாளிக்கு மஸ்டர் ஏடு சான்று. இன்று ஒரு தோட்டம், நாளை மற்றொரு தோட்டம் என ஜீப் செல்லும் இடத்திற்குச் செல்பவளுக்கு எந்த முதலாளியின் ஏடு சான்றாகும்? ‘வேலைத்தலத்திலேயே’ என்ற சொல்லும் எல்லைக்கு இப்புறம் நிற்பவளுக்குப் பயன்படவில்லை.

2020 ஏப்ரலில் தேயிலை, காப்பி, ரப்பர்த் தோட்டங்கள் 50 விழுக்காட்டுக்கு மேற்படாத ஆள்களோடு இயங்க மைய அரசு இசைவளித்தது. எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது, எந்தப் பாதி என்பது வரையறுக்கப்படவில்லை. தொழிலாளரை இரு பகுதியாக்கி மாறிமாறி அழைத்தால் ஒவ்வொருவர்க்கும் பாதி நாள் கிடைக்கும். ஒரு பகுதியினரையே தொடர்ந்து அழைத்தால் சிலர்க்கு முழுப்பேரும் பிறர்க்கு வெறுமையும் விழும். முதியோர், குழந்தையுடையோர், தொலைவில் வாழ்வோர் ஆகியோரை விலக்குவது நோய்த்தடுப்பு நோக்கில் நலம் போலத் தோன்றும். கூலி நோக்கில் தண்டனையாக முடியும். உடல்நலமும் நீதியும் ஒரே ஏட்டின் ஒரே வரியில் மோதும் இடம் இது. ஆணை விட்ட இடைவெளி, பேர் பதியும் மேற்பார்வையாளரின் கையில் சென்று சேர்ந்தது.

மார்ச் 29ஆம் நாள் ஆணை மே 17ஆம் நாளோடு முடிந்தது. அது நின்ற காலம் 50 நாள்கள். அதனை எதிர்த்த வழக்குகளில் உச்சநீதிமன்றம் ஜூன் 12இல் இடைக்கால ஆணை வழங்கியது. கூலி தராத முதலாளிகள் மேல் கடும் நடவடிக்கை கூடாது என்றும், இருதரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றும் அது கூறியது. பேசித் தீர்ப்பதற்கு இருதரப்பு வேண்டும். ஏட்டில் பெயர் இல்லாதவர் தரப்பாக அமைவது எளிதன்று.

அரசுகள் தந்த உதவியும் ஏடுகளின் வழியே சென்றது. தமிழகத்தில் அரிசி பெறும் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய் கிடைத்தது. தேனியின் தோட்டக் கூலியாள் அதைக் குடும்ப அட்டைக்கு உரியவளாகப் பெற்றாள், தொழிலாளியாக அன்று. கேரளம் வெளிமாநிலத்தாரை ‘அதிதித் தொழிலாளி’ என்று அழைத்தது. மதிப்புள்ள சொல் அது. ஆனால் விருந்தினர் இரவு தங்குபவர். பொழுது சாயத் திரும்பும் எல்லைக் கூலியாள் அச்சொல்லுக்குள்ளும் முழுமையாக அடங்கவில்லை.

2021 ஜூனில், மூடிக்கிடந்த பிளாச்சிமடை ஆலை வளாகம் 550 படுக்கைகள் கொண்ட கொரோனா சிகிச்சை மையமாயிற்று. நலங்கருதி ஊராட்சி மூடச் செய்த கட்டடம் நலங்கருதியே திறந்தது.

7. பிற நாட்டு ஒப்பீடு

பிரிட்டனில் இதே காலத்தில் ‘ஃபர்லோ’ என்ற சொல் பெருவழக்காயிற்று. டச்சு மொழி வழியாக வந்த இச்சொல் படைவீரர் விடுப்பைக் குறித்தது. வேலையின்றி இருந்த தொழிலாளர்க்கு ஊதியத்தில் 80 விழுக்காட்டை, மாதம் 2,500 பவுண்டு உச்சவரம்போடு, அரசு ஏற்றது. இத்திட்டம் 2021 செப்டம்பர் 30 வரை நடந்தது. மணிக்கூலியரும் இதனுள் அடங்கினர். ஆனால் முதற்கட்டத்தில் 2020 மார்ச் 19க்குள் ஊதியப் பதிவேட்டின் வழி வரித்துறைக்குத் தெரிவிக்கப்பட்டவர்க்கே அது உரியதாயிற்று. செல்வ நாட்டிலும் பேர் விழுந்த நாளே கணக்கைத் தொடங்கியது. ஜெர்மனியில் இதற்கு வழங்குவது ‘குறுவேலை’ எனப் பொருள்படும் சொல். வேலை நிற்கவில்லை, குறைந்தது என்பது அதன் கருத்து. ஃபர்லோவைத் தமிழில் ‘கட்டாய விடுப்பு’ என்று மட்டும் பெயர்த்தால் ஊதியம் உண்டு என்ற கூறு விழுந்துவிடும். ‘அரசு ஊதியம் ஏற்ற விடுப்பு’ என விரித்துரைப்பதே பொருந்தும்.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. நோய்க்கால நிறுத்தத்திற்குத் தமிழில் நிலைத்த சொல் செய்வோனைச் சுட்டாதது. ஆதலால் வேலைநிறுத்தம், கதவடைப்பு ஆகியவை எழுப்பும் பொறுப்பு வினாவை அது எழுப்புவதில்லை. பெரட்டு முதல் மஸ்டர் வரை நாட்கூலியின் உரிமை, நாள்தோறும் வந்து நிற்பதோடு பிணைந்து வந்துள்ளது; வருகையைத் தடைசெய்யும் ஆணை அப்பிணைப்பை அறுக்கிறது.

மொழிபெயர்ப்பாளர் சட்டத்தைத் திருத்த இயலாது. எனினும் அறிவிப்புகளைத் தமிழாக்கும்போது அடைத்தது யார், கூலி தரவேண்டியவர் யார் என்பவற்றை எழுவாய் மறையாத தொடர்களாக எழுத இயலும். லே-ஆஃப் என்பதை ஆட்குறைப்பிலிருந்து பிரித்து, ‘ஏட்டில் பெயரிருக்க வேலை தரவியலா நிலை’ என விளக்க இயலும். பதிவேட்டில் இல்லாத நாளையும் இழந்த கூலி என்று சொல்லலாம் என்பதற்குப் பெருமாட்டி பற்றிய 2010ஆம் ஆண்டுக் கணக்கு முன்மாதிரி. கூலி என்ற சொல் ஆளாகவும், பேர் என்ற சொல் கூலியாகவும் மாறிய மொழியில், பேர் விழாத நாளுக்குரிய சொல்லை ஆக்குவது அடுத்த அடைப்பு வருமுன் முடிக்கவேண்டிய பணியாகும்.